கிழங்கு தோண்டப் போனவன்

— இருபத்தெட்டுப் பன்னி, ஒரு காசோவரிப் பறவை, ஒன்பதாயிரம் கினா பணம். எனக்கு உங்க ஆளுங்க குடுத்த விலை அது. அசையாதேன்னு சொன்னேன்ல! உன்னைய இப்ப யார்கிட்டயாவது விக்கப் போனா, பின்னாடி ஓட்டை விழுந்த சரக்குன்னு பாதி விலைக்குத்தான் கேப்பாங்க.

— ஐயோ வஞ்சியா, மெதுவா! சத்தியமா உசிரு போகுது!

— உசிரு அங்கயா இருக்கு? குப்புறப் படு. அந்த வலைப்பை வாரைப் பல்லுல கடிச்சுக்கோ. அம்பு நாலு விரக்கடை உள்ள எறங்கியிருக்கு.

— ஒரே இழுப்பா இழுத்துப்புடேன்.

— இழுத்தா பாதி டாம்பே அம்போட வந்துடுவான். முள்ளு வெச்ச அம்புய்யா. ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுக்கணும்.

— நீ குனியாதே, வஞ்சி. ஆஸ்பத்திரி சிஸ்டர் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— சிஸ்டர் சொன்னதை நீ எனக்குச் சொல்றியா? 'ஒன்பது மாசம் ஆச்சு, கால் வீங்கிக் கிடக்கு, ரத்தக் கொதிப்பு ஏறுது. பாரம் தூக்க விடாதே டாம்பே, வீட்டு வேலையில பாதியை நீ வாங்கிக்கோ'ன்னாங்க. என் சட்டையையும் வாங்கி மாட்டிக்கோன்னா சொன்னாங்க?

— வேற எப்படித் தோட்டத்துக்குப் போறதாம்? வேலியைத் தாண்டின ஆம்பளை நூறு அடி நடக்கமாட்டான். பொம்பளைங்க மேல அம்பு விடமாட்டாங்க, அவங்கதான் போகலாம், வரலாம். அதுவும் உங்க சம்பரே ஆளுங்க பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வில்லை நாணேத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க.

— 'உங்க' சம்பரே ஆளுங்க. நல்லா இருக்குய்யா. பொண்ணு எடுக்கிறப்ப 'நம்ம சம்பரே'ன்னு வாய் நிறையச் சொன்னீங்க.

— நான் சண்டையா கேட்டேன்? ஒரு பன்னி வேலி தாண்டுச்சு, எங்காளு அதை அடிச்சான், உங்காளு அவனை அடிச்சான். நம்ம பக்கம் ஆறு பொணம், அந்தப் பக்கம் அஞ்சு. இதுல நான் எங்க வந்தேன்? நான் கிழங்கு தோண்டப் போனேன், சத்தியமா கிழங்கு மட்டும்தான். ஆஆஆ!

— கத்தாதே. உங்க அண்ணன் காதுல விழுந்தா கூட்டம் போட்டுடுவாரு. ஒரு பக்கம் அறுத்தாச்சு.

— இன்னொரு பக்கத்தை நாளைக்கு வெச்சுக்கலாமா?

— மீன் டப்பாவா, நாளைக்குத் திறக்க? பல்லைக் கடி. நீ எப்படித் தோண்டினே? உக்காந்தா, நின்னா?

— நின்னுதான்.

— நின்னுக்கிட்டு! எந்தப் பொம்பளைய்யா நின்னுக்கிட்டுக் கிழங்கு தோண்டுறா? மேட்டுக்கு ஓரமா உக்காந்து, உள்ள கையை விட்டு, பெருசாத் தடவி எடுத்துட்டு, பிஞ்சை எல்லாம் திரும்ப மண்ணைப் போட்டு மூடுவோம். அது அடுத்த மாசத்துச் சோறு. நீ என்ன பண்ணினே?

— மேட்டை அப்படியே புரட்டினேன். சீக்கிரம் முடியுதுல்ல.

— பன்னி புகுந்த மாதிரி. மூணு வாரமா. அந்தப் பக்கம் இருக்கிற பொம்பளைங்க சிரிச்சுச் சிரிச்சுச் செத்திருப்பாளுங்க. கொடியை மடிச்சுப் போட்டியா?

— கொடியை எதுக்கு மடிக்கணும்?

— கடவுளே. தண்ணி எடுக்கப் போறப்ப குடத்தைத் தோள்ல வெச்சே. பன்னிக்குத் தீனி போட்டப்ப, ஒரு பன்னி உன் கையைக் கடிச்சுது, ஒண்ணு சட்டையைக் கடிச்சுது. துணியை ஓடையில போட்டு நீ அடிச்ச அடியில ஒரு சட்டையிலயும் பொத்தான் இல்லை. ஊர்ல உன்னை என்ன கூப்பிடுறாங்க தெரியுமா?

— தெரியும். 'டாம்பே அக்கா.' கூப்பிடட்டும். போன தடவை நீ ஏழு மாசத்துல அந்தக் கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேடேறி வந்தப்ப, நான் ஆம்பளைங்க கூடுற வீட்டுல சீட்டு ஆடிக்கிட்டு இருந்தேன். மூட்டை வந்து சேந்துச்சு. புள்ளை வரலை. அதுக்கு இது எவ்வளவோ தேவலை, வஞ்சி.

— சரி. பேசாதே. மூச்சை இழுத்துப் பிடி. ஒண்ணு, ரெண்டு...

— அம்மாஆஆ!

— வந்துடுச்சு. இந்தா, உன் சாமான். ரத்தம் வரட்டும், கொஞ்சம் வடியட்டும். இந்தத் துணியை வெச்சு நீயே அமுக்கிப் பிடி. எனக்கு இடுப்பு பிளக்குது.

— உக்காரு, உக்காரு. சட்டையைக் கழட்டவா?

— முதுகு வரைக்கும் ரத்தத்துல ஒட்டிக்கிடக்கு. இப்ப கழட்டினா புண்ணு திரும்பத் திறந்துக்கும், காயட்டும். யோவ், இந்த அம்புல கட்டு எப்படிப் போட்டிருக்குன்னு பாத்தியா?

— எனக்குப் பின்னாடி கண்ணா இருக்கு?

— மஞ்ச நாரு. மூணு சுத்து, ஒரு முடிச்சு, திரும்ப மூணு சுத்து. எங்கப்பா எங்கண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தது. வேற எவனும் இப்படிக் கட்டமாட்டான்.

— யாக்கம் மச்சானா? என்னையா?

— உன்னையத்தான். யாக்கம் குருவிக்குக் கண்ணைக் குறி வெச்சா, அம்பு கண்ணுலதான் இருக்கும். கழுத்து, முதுகு, ஈரல், எல்லாத்தையும் விட்டுட்டுக் கறி இருக்கிற இடமாப் பாத்து அடிச்சிருக்கான்னா, அவன் தெரிஞ்சேதான் அடிச்சிருக்கான். மொத நாள்லேர்ந்தே தெரிஞ்சிருக்கும். என் சட்டை, என் வலைப்பை, ஆனா தங்கச்சி நின்னுக்கிட்டுத் தோண்டுறாளேன்னு.

— தெரிஞ்சும் மூணு வாரம் சும்மா இருந்தானா?

— தங்கச்சி வயித்துக்குக் கிழங்கு போகுதுன்னு இருந்திருப்பான்.

— அப்ப இன்னிக்கு மட்டும் ஏன்?

— இன்னிக்கு அவன்கூட வேற எவனோ காவல் நின்னிருக்கான். அவன் கண்டுபிடிச்சிருப்பான். அவன் ஈரல்ல அடிக்கிறதுக்கு முந்தி இவன் குண்டியில அடிச்சிட்டான். உன் உசிரைக் காப்பாத்தியிருக்கான்யா. காப்பாத்தின லட்சணத்தைப் பாரு.

— இனிமே நான் போகலை. சத்தியமா.

— நீ போகாட்டி முடிஞ்சுதா? ஒரு சட்டைக்குள்ள ஆம்பளை இருந்ததை அவங்க பாத்துட்டாங்க. நாளைக்கு சிப்போரா போவா, நவோமி போவா. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாப்பான். உள்ள இருக்கிறது மார்பா, துப்பாக்கியான்னு.

— வெளிய யாரோ வராங்க.

— டாம்பே! டேய் தம்பி! உசிரோட இருக்கியா?

— பாவுலுஸ் அண்ணே! இருக்கேன். உக்காரத்தான் முடியாது.

— ஆம்பளைங்க வீட்டுக்கு வராம இங்க என்னடா பண்றே? பிரசவத்துக்குக் காத்திருக்கிற வீடு. நான் படிக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன். நாளைக்கு வில்லைத் தொடணும், நான் உள்ள வரமாட்டேன். பொண்ணே, நீயும் கேளு. ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிடுறேன்.

— உங்க ஒரே வார்த்தை எவ்வளவு நீளம்னு ஊருக்கே தெரியும், மூத்தவரே. சொல்லுங்க.

— தம்பி, உன்னையப் பாத்துச் சிரிச்சோம். 'டாம்பே அக்கா'ன்னோம். இன்னிக்குக் காலைல உக்காந்து யோசிச்சேன். மூணு வாரம்! ஒரு ஆம்பளை, பொம்பளைச் சட்டையில, சம்பரே காவலுக்கு நாப்பது அடி தூரத்துல போய் வந்திருக்கான். ஒருத்தன் ஒரு கல்லு விட்டெறியலை. எங்க யாருக்கும் தோணாத வழிடா இது!

— அண்ணே, இன்னிக்கு அடிச்சுட்டாங்களே.

— அது எவனோ விளையாட்டுக்கு அடிச்சிருப்பான். பொம்பளைன்னு நெனைச்சுத்தான் குண்டியில அடிச்சான். ஆம்பளைன்னு தெரிஞ்சா நெஞ்சுல அடிச்சிருப்பான்ல? ஆக, அவனுக்குத் தெரியாது. நான் சொல்றது சரியா?

— வஞ்சி, இந்தத் துணி நனைஞ்சுடுச்சு, வேற குடு.

— துணி கிடக்கட்டும். சரி, கேளுங்க. நாளைக்கு விடிஞ்சதும் பதினோரு பேர். பதினோரு சட்டை. தலையில வலைப்பை, பைக்குள்ள கிழங்குக்கொடி, கொடிக்கு அடியில குழாய்த் துப்பாக்கி. உக்காந்து தோண்டுவோம். காவல்காரன் கொட்டாவி விடுறப்ப எந்திரிப்போம். மொதல்ல அந்த மேட்டுக் காவல். அதுல யாரு நிக்கிறான்னு உனக்குத் தெரியும், பொண்ணே.

— எங்கண்ணன் யாக்கம் நிக்கிறான்.

— யாக்கம்தான். என் மகன் மோசேயைக் குழியில எறக்கிப் பதிமூணு நாள் ஆகுது. அவன் கழுத்துலேர்ந்து நான் புடுங்கின அம்புல மஞ்சக் கட்டு இருந்துச்சு. மூணு சுத்து, ஒரு முடிச்சு, மூணு சுத்து. உன் வீட்டுல அதைப் பாத்திருக்கியா?

— பாத்திருக்கேன்.

— பொய் சொல்லலை பாரு, அதுவே பெருசு.

— மோசே கையில வில் இருந்துச்சு, மூத்தவரே. அவன் நெத்தியில கரி பூசிக்கிட்டுப் போனான். நானும் அழுதேன், நீங்க பாத்தீங்க. அது சண்டை. இது வேற. நாளைக்கு நீங்க பதினோரு பேரும் சட்டையைப் போட்டுக்கிட்டு அஞ்சு பேரைக் கொல்லலாம், பத்துப் பேரைக் கொல்லலாம். நாளன்னிக்கு யாரு தோட்டத்துக்குப் போவா? எந்தப் பொம்பளை போனாலும் சுடுவான். கேக்காம சுடுவான். கிழங்கு இல்லாம எத்தனை நாள் இருப்பீங்க?

— ஜெயிச்சா எல்லாத் தோட்டமும் நம்மளுது.

— இதையேதான் போன சண்டையிலயும் சொன்னீங்க. அதுக்கு முந்தின சண்டையில உங்க அப்பா சொன்னாரு.

— பொண்ணே, வாயை அடக்கு. உன் உடம்புல சம்பரே ரத்தம் ஓடுறதை நான் மறந்துடலை. இந்த ஊர்ல பாதிப் பொண்டாட்டிங்க அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க. அதனாலதான் சொல்றேன், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒருத்தியும் வெளிய தலை நீட்டக் கூடாது. இருக்கிற சட்டை அத்தனையும் வாங்கிட்டோம். சம்பரேக்காரனுங்க வீடுங்களுக்குத் தீ வெச்சதுல மிஞ்சினது முப்பத்தி மூணு. உன் புருஷன் முதுகுல இருக்கிறது ஒண்ணு. முப்பத்தி நாலு. சட்டை இல்லாம எவ எங்க ஓடிடுவா?

— பதினோரு பேருக்கு முப்பத்தி நாலு சட்டை எதுக்கு?

— உன் வாய்தான் பெருசு, உங்க சட்டை சின்னது. எங்க தோளு நுழையமாட்டேங்குது. ஊர்ல தையல் மெஷின் வெச்சிருக்கிறவ நீ ஒருத்திதான். ரெண்டைப் பிரிச்சு ஒண்ணாத் தையி, மூணைப் பிரிச்சு ஒண்ணாத் தையி. கைப்பக்கம் தளர விடு. லேஸைக் கழட்டிடாதே, அது வேணும். மூட்டையைப் படியில வெச்சிருக்கேன். பொழுது சாயறப்ப வந்து எடுத்துக்கிறேன்.

— சிஸ்டர் அவளை வேலை செய்யக் கூடாதுன்னு...

— உக்காந்த வேலைதானேடா? உக்காரக் கூடாதுன்னா சொன்னாங்க?

— தைக்கலைன்னா?

— தைக்கலைன்னா, பொண்ணே, எனக்கு ஒரு மகன் போயிட்டான். யாக்கத்துக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நான் அதுக்கு மேல சொல்ல விரும்பலை.

— அண்ணே!

— நீ பேசாதே. என்னைக்குடா நீ எங்கிட்ட எதிர்த்துப் பேசியிருக்கே? பொண்ணே, உனக்கும் ஏதாவது வேணும்னா கேளு. நான் இல்லேன்னு சொல்ற ஆள் இல்லை.

— எங்கண்ணனைக் கால்ல மட்டும் அடிங்க. கொன்னாலும் முகத்தைச் சிதைக்காதீங்க, எங்கம்மா அடையாளம் பாக்கணும். அதைக் குடுப்பீங்களா?

— கேக்கக் கூடாததைக் கேக்குறே.

— அப்ப எனக்கு ஒரு பொம்பளையைத் துணைக்கு அனுப்புங்க. காலைலேர்ந்து இடுப்பு வலிக்குது.

— ஒருத்தியும் வெளிய வரக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? நாளைக்கு மத்தியானம் அனுப்புறேன். அது வரைக்கும் அடக்கிக்கோ. துப்பாக்கி நமக்குச் சொந்தம் இல்லை. மேல் பள்ளத்தாக்குக்காரனுங்ககிட்ட வாடகைக்கு வாங்கினது. நாளைக்கு மத்தியானம் திருப்பிக் கேப்பானுங்க. அதுக்கப்புறம் கொண்டாருவானுங்கன்னு சொல்ல முடியாது. நாளைக்குக் காலைல ஒண்ணுதான் நமக்கு.

— சரி. விறகாவது போடச் சொல்லுங்க. என் விறகுக்காரன் குப்புறப் படுத்திருக்கான்.

— அது நியாயம். சவுக்கு ரெண்டு கட்டு அனுப்புறேன், நல்லாக் காஞ்சது. தண்ணியும் ரெண்டு பானை. தம்பி, உன் பொண்டாட்டிக்கு நூல் கோத்துக் குடு. பொம்பளை வேலை பழகிட்டேல்ல.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. காவலுக்கு ரெண்டு பேரை முத்தத்துல உக்கார வெச்சுட்டுப் போறாரு.

— அந்தப் பாழாப்போன மெஷினைப் பக்கத்துல இழு. மூட்டையை அவிழு. பாரு, சிப்போராவோட நீலச் சட்டை. ஈஸ்டருக்குத் தெச்சுக் குடுத்தேன். இது நவோமியோடது, கை உப்பலா இருக்கணும்னு அடம்பிடிச்சா. இதுல அந்த ஆளு கையை நுழைச்சு எங்கண்ணனைச் சுடப் போறான். நானே தெச்சுக் குடுக்கணும்.

— வஞ்சி, அழாதே. கொதிப்பு ஏறும்.

— ஏறட்டும்! நீ ஏன்யா வாயை மூடிக்கிட்டு இருந்தே? 'அண்ணே'ன்னு ஒரு சத்தம், அதோட முடிஞ்சுது. பானையைக் கவுத்தாக்கூட உன்னைய விடப் பெருசாச் சத்தம் வரும்.

— அவரு தகப்பன் மாதிரி எனக்கு. ஆறு வயசுலேர்ந்து அவரு போட்ட சோறு. அந்த இருபத்தெட்டுப் பன்னியில பத்தொன்பது அவரோடது. மோசேயை நான்தான் தோள்ல தூக்கித் திரிஞ்சேன். யாக்கம் தெரிஞ்சேதான் விட்டான்னு சொன்னா, என்னையும் துரோகின்னுடுவாரு. எப்படிப் பேசுறது?

— பேசாதே. நீ பேசவே வேண்டாம். எனக்குச் சோறு போட்டவனுங்க, எங்கண்ணனைக் கொல்ல எங்கிட்டயே சட்டை தைக்கச் சொல்றானுங்க. நீ நூல் கோத்துக் குடு. யோவ்...

— என்ன?

— தண்ணி. கீழ எல்லாம் தண்ணி.

— பானை கவுந்துடுச்சா?

— நான்தான்யா உடைஞ்சுட்டேன்! புள்ளை வரப்போகுது.

— இப்பவா? சத்தியமாவா? வெளியில ரெண்டு பேர் இருக்கானுங்க, சிப்போராவைக் கூப்பிடச் சொல்றேன்... டேய்! டேய், வஞ்சியாவுக்கு வலி வந்துடுச்சு, யாராவது ஒரு பொம்பளையை... என்னடா? அண்ணன் உத்தரவா? உங்க ஆத்தா உங்களை எப்படிடா பெத்தா?... மாட்டேங்குறானுங்க, வஞ்சி. படியைக் கூடத் தாண்டமாட்டானுங்க. கையால மூக்கைப் பொத்திக்கிறானுங்க.

— நீ எப்படி உள்ள இருப்பே? ஆம்பளை இருக்கக் கூடாதுய்யா. இந்த ரத்தத்தைப் பாத்தா உன் கண்ணு மங்கும், வில்லு தளரும்னு...

— என் வில்லு எங்க கிடக்குன்னே எனக்குத் தெரியலை. மூணு வாரமா வலைப்பைதான் தூக்குறேன். என்ன செய்யணும் சொல்லு.

— தண்ணி கொதிக்கணும். நிறையக் கொதிக்கணும். பிளேடை அதுல போடு. நூலையும் போடு. அடுப்பை அணைய விடாதே. ஆஆ... முதுகை அமுக்கு, கீழ, இன்னும் கீழ.

— இங்கயா?

— அங்கதான். பலமா! கிழங்கு மேட்டைப் புரட்டினேல்ல, அந்த பலம் எங்க போச்சு?

— புள்ளை மேலயும் பலமா அமுக்கிடப் போறேன்னு பயமா இருக்கு.

— நிக்காதே, உக்காரு. எல்லாத்தையும் நின்னுக்கிட்டுத்தான் செய்வியா? உக்காரு என் பின்னாடி.

— என்னால உக்கார முடியாதேடி! அம்பு பட்ட இடம்...

— அப்ப முட்டி போடு. நாம ரெண்டு பேரும் ஒரே அழகுதான். ஐயோ, அடுத்தது வருது. டாம்பே, நான் செத்துட்டா...

— சாக மாட்டே.

— செத்துட்டா யாக்கத்துக்குச் சொல்லிடு. நான் தைக்கலைன்னு. ஒரு தையல்கூடப் போடலைன்னு. சொல்லுவியா?

— நீயே சொல்லுவே. மூச்சு விடு.

— விட்டுட்டுத்தான் இருக்கேன், நீ பிடிச்சு வெச்சிருக்கே! அடுப்பைப் பாரு, தண்ணி சூடு குறையுது.

— பாக்குறேன். நீ கண்ணை மூடிக்கிட்டு முக்கு. அடுப்பு என் வேலை. இன்னிக்கு முழுசா என் வேலை.

— என்னய்யா இவ்வளவு புகை? காஞ்ச சவுக்குன்னு சொன்னாரே.

— ஈர விறகு. பேசாதே.

— நாத்தம் வேற. கண்ணு எரியுது.

— வஞ்சி, தலை தெரியுது! முடி! சத்தியமா முடி, கருகருன்னு! இப்ப என்ன செய்யணும்? புடிச்சு இழுக்கணுமா?

— இழுக்காதே! கிழங்கில்லை அது! தானா வரும், கையை அடியில குடு. தாங்கு, தாங்கு மட்டும் செய்... ஆஆஆஆ!

— வந்துடுச்சு. வஞ்சி, வந்துடுச்சு. கையில இருக்கு. வழுக்குது. ஏன் அழலை? ஏன் அழலை இது?

— தலைகீழாப் பிடி. வாயில விரலை விட்டு வழி. முதுகைத் தட்டு. மெதுவா. தட்டு!

— அழு. ஏய், அழு. ஊரே அழுதுக்கிட்டு இருக்கு, உனக்கு மட்டும் என்ன... அழுதுடுச்சு! கேட்டியா? அழுதுடுச்சு!

— என்ன புள்ளை?

— பொண்ணு. உன் மூக்கு. ரெண்டு கை, ரெண்டு காலு, எல்லாம் இருக்கு. நான் எண்ணிட்டேன்.

— நூலைக் கட்டு, ரெண்டு இடத்துல. நடுவுல அறு.

— அறுத்துட்டேன். உனக்கு ரத்தம் நிக்குதா?

— வடியுது, நிக்கும்னு நெனைக்கிறேன். ஏதாவது துணியில சுத்து, குளிரும். டாம்பே, தூக்கம் வருது.

— தூங்காதே. என்னையத் திட்டிக்கிட்டே இரு. திட்டு.

— திட்டத் தெம்பு இல்லை. வெளிச்சம் போயிடுச்சா?

— இன்னும் இல்லை. மலைமேல கொஞ்சம் இருக்கு.

— தம்பி! டேய் டாம்பே! என்னடா சத்தம்? பொறந்துடுச்சா?

— பொறந்துடுச்சு அண்ணே.

— உள்ள நீயா இருந்தே? நீயா பாத்தே? தூ! இந்தக் கையால இனிமே எங்கூட ஒரு தட்டுல சாப்பிடாதே. பையனா?

— பொண்ணு.

— பொண்ணா? போகட்டும். பதினாறு வருஷத்துல பன்னி வரும். உன் பொண்டாட்டி?

— உசிரோட இருக்கா. நீங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கா.

— மூத்தவரே, நான் தைக்கலை. ஒரு தையல்கூடப் போடலை. வலி வந்துடுச்சு. நீங்க என்ன செய்யணுமோ செஞ்சுக்கோங்க, புள்ளையை விட்டுடுங்க.

— தைக்கலையா? சரி, நாங்களே கிழிச்சு மாட்டிக்கிறோம். விடியறதுக்குள்ள ஊசி பிடிக்க எவளாவது கிடைப்பா. தம்பி, மூட்டையைத் தூக்கி வெளிய எறி.

— எறிய முடியாது அண்ணே.

— கை வலிக்குதா? படிக்கிட்ட தள்ளு, நான் கம்பால இழுத்துக்கிறேன்.

— மூட்டை இல்லை.

— இல்லைன்னா? டேய், எங்கிட்ட விளையாடாதே. கோடாலி கையில இருக்கு. முத்தத்துல ஆளு உக்காந்திருந்துச்சு, ஒருத்தியும் உள்ள வரலை, ஒண்ணும் வெளிய போகலை. சட்டை எங்கடா?

— யோவ்... அந்தப் புகை...

— நீ பேசாம படு, வஞ்சி. அண்ணே, மோசேக்கு நான் அழுதது பொய் இல்லை. நீங்க போட்ட சோத்தையும் மறக்கலை. என்னைய என்ன செய்யணுமோ மத்தியானத்துக்கு மேல செய்யுங்க, துப்பாக்கி திரும்பிப் போனதுக்கு அப்புறம். இப்ப கணக்கை மட்டும் கேட்டுக்கோங்க. வெந்நீர் போட எரிச்சது முப்பத்திரண்டு. ஒண்ணுல பொண்ணைச் சுத்தி வெச்சிருக்கேன். ஒண்ணு நான் போட்டிருக்கேன், இதுல என் ரத்தமும் இருக்கு, பிரசவ ரத்தமும் இருக்கு, வேணும்னா படியைத் தாண்டி உள்ள வந்து நீங்களே கழட்டிக்கோங்க. ஆக மொத்தம் முப்பத்தி நாலு.